இனித்துப் போன தண்ணீர்

ஊருக்கே அவள் டேங்கக்காதான். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவள் புருஷன்கூட, மனசு நன்றாக இருக்கிற நாட்களில், "டேங்கக்கா, ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா, இல்ல ஊராட்சியில மனு எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்பான். அவளும் முகத்தை மாற்றாமல், "மனு குடுங்க, பதினஞ்சு நாள்ல பதில் வரும்" என்பாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஊராட்சி அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அப்போது மோட்டார் போடுகிற வேலையில் வேறொருவன் இருந்தான். ஒரு நாள் காலையில் ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டு அவன் பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டான். மேல்நிலைத் தொட்டி நிரம்பி, நாலு பக்கமும் வழிந்து, அலுவலக வாசல் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியவள் அவள். மறுநாளும் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மோட்டார் அறைச் சாவி அவள் இடுப்பிலேயே தங்கிவிட்டது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விடிந்ததும் மோட்டார் அறையைத் திறக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கியதும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டும். பிறகு, தோள் உயரம் இருக்கிற இரும்புச் சாவியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், தரைக்குள் குழி எடுத்து வைத்திருக்கும் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். நாலு தெரு, நாலு வால்வு, தெருவுக்கு முக்கால் மணி நேரம். ஐந்து நிமிஷம் குறைந்தால் அந்தத் தெருவே அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதனால் அவளுக்குக் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்தது. குழாயில் காற்று போகிற சத்தம், தண்ணீர் வருகிற சத்தம், எங்கோ பூமிக்குள் உடைப்பெடுத்துக் கசிகிற சத்தம் எல்லாம் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியும்.

அதனால்தான் சத்தம் நின்றுபோனதும் முதலில் அவளுக்குத் தெரிந்தது.

மோட்டார் அறையும் தொட்டியும் அலுவலகத்தைத் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில், பழைய கல் உடைத்த பள்ளத்தின் ஓரத்தில் இருந்தன. ஆள் நடமாட்டம் இல்லாத இடம்தான், ஆனாலும் விடியற்காலையில் அங்கே காது கொடுத்துக் கேட்க முடியாது. தொட்டியிலிருந்து சொட்டும் ஈரத்தில் தவளைகள் குடும்பம் குடும்பமாக இருந்து கத்தும். வழிந்த தண்ணீரைக் குடிக்கக் காக்காய்கள் வந்து சண்டை போடும். அவள் ஸ்டார்ட்டரை அமுக்கி மோட்டார் உறுமத் தொடங்கினால்தான் அவை கொஞ்சம் வாயை மூடும்.

ஒரு நாள் காலையில் அவள் பூட்டைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். ஏதோ தப்பாக இருந்தது. கரண்ட் இல்லையோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தாள், எரிந்தது. தன் மூச்சு தனக்கே கேட்கிறது என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. ஒரு தவளை இல்லை. ஒரு பூச்சி இல்லை. தொட்டியின் காலடியில் தேங்கியிருந்த தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. எப்போதும் அதன் மேல் ஆடிக்கொண்டிருக்கும் கொசுக்கூட்டத்தைக்கூடக் காணவில்லை.

வெயில் காலம் வந்தால் ஜீவராசிகள் இடம் மாறும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மோட்டாரைப் போட்டாள். ஆனால் அன்றைக்கு வால்வுக் குழிகளின் மூடியைத் தூக்கும்போது ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தாள். வழக்கமாகக் கையில் ஒட்டுகிற சிலந்தி வலை இல்லை. சுவரில் பல்லி இல்லை. நாலு குழியும் யாரோ துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

அதே வாரத்தில்தான் ஊர் அவளைப் புகழத் தொடங்கியது.

முதலில் சொன்னவள் மூன்றாம் தெருவில் ஆடு வளர்க்கிறவள். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத வாய் அது. குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் இப்போதெல்லாம் இனிக்கிறது, என்ன மாயம் செய்தாய் என்று கேட்டாள். அதற்கு முன் அந்த ஊர்த் தண்ணீர் உப்புக் கலந்த தண்ணீர். சோறு வெந்தால் மஞ்சள் நிறம் வரும்; பானைக்குள் வெள்ளைக் கறை ஏறும். இப்போது அந்தக் கறையெல்லாம் தானாகவே உரிந்து போயிருந்தது. பத்து வருஷப் பாத்திரம் உள்பக்கம் புதுசு மாதிரி மின்னியது. துணிகள் வெளுத்தன. குளித்தால் சோப்பு இல்லாமலே தோல் வழவழவென்று இருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்துகூட ஆட்கள் குடத்தோடு வரத் தொடங்கினார்கள்.

அவள் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் முகச்சவரம் செய்ய நுரை கொஞ்சம் போதும் என்றான், கத்தி துருப்பிடிக்கவே இல்லை என்றான். வருகிற ஆட்களின் தலைமுடி பட்டு மாதிரி சீப்புக்குள் ஓடுகிறதாம். "உன்னால என் தொழிலுக்கே ஒரு அந்தஸ்து வந்திருச்சு" என்று சொல்லி, கடைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கூஜா நிறைய அந்தத் தண்ணீரை வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தான்.

அவளும் குடித்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. சர்க்கரை இனிப்பு இல்லை. பழுத்துக் கனிந்து, இன்னும் ஒரு நாள் போனால் அழுகிவிடும் பழத்தின் இனிப்பு. குடித்த பிறகு தாகம் அடங்கவில்லை. இன்னொரு வாய் குடிக்கலாம் போலிருந்தது.

தண்ணீரில் மருந்து போதுமா என்று பார்க்க அவளிடம் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். மாறினால் பிளீச்சிங் பவுடர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதம் அது மாறவே இல்லை. பவுடர் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புது மூட்டையைப் பிரித்தாள். மாறவில்லை. இரண்டு பங்கு போட்டாள். மூன்று பங்கு போட்டாள். கரைசலை ஊற்றும்போது கண்ணெரிச்சல் தாங்கவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்துப் பார்த்தால் குழாயில் தண்ணீர் வெறுமனே இருந்தது. போடுகிற மருந்தையெல்லாம் அது விழுங்கிக்கொண்டிருந்தது.

ஊராட்சி எழுத்தரிடம் இதைச் சொன்னாள். அவர் நல்லவர், பயந்த சுபாவம். பெட்டியில் இருக்கிற சொட்டு மருந்து கெட்டுப்போயிருக்கும், புதுப் பெட்டிக்கு எழுதிப் போடுகிறேன் என்றார். அவர் மேஜையிலும் ஒரு பாட்டில் அந்தத் தண்ணீர் இருந்தது. பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை எடுத்துக் குடித்தார்.

மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கழுவ வேண்டும். அந்த முறை கூட வர வேண்டிய துப்புரவுக்காரருக்கு உடம்பு சரியில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். பகல் பதினோரு மணிக்கு அவள் தனியாகவே ஏணியில் ஏறினாள். மேலே மூடியைத் திறந்து, உள் ஏணி வழியாக, தண்ணீர் வடிந்த தொட்டிக்குள் இறங்கினாள்.

உள்ளே தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு மாதமும் கணுக்கால் அளவுக்குச் சேறு இருக்கும், சுவரெல்லாம் பச்சைப் பாசி வழுக்கும். அன்றைக்குத் தரை உலர்ந்த எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. சுவரில் பாசி இருந்த தடம்கூட இல்லை. இரும்பு ஏணியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சத்தின் கீழே அவள் நின்றாள். அந்தப் பழ வாசனை அங்கே கனமாக இருந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்போது தவளைச் சத்தம் கேட்டது.

ஒன்றில்லை, நூறு. சுவரின் நாலு பக்கத்திலிருந்தும் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு மழை வருவதற்கு முன் கத்துவது மாதிரி விடாமல். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வெறும் சுவர். சத்தம் சுவருக்குள் இருக்கிற மாதிரி இருந்தது, பிறகு தன் தலைக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். தொட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. யாரோ நிறுத்தச் சொன்ன மாதிரி.

எப்படி வெளியே வந்தாள் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. தொட்டியின் உச்சியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம். காற்று முகத்தில் பட்டுத் தலை தெளிந்த பிறகு கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள்.

கீழே நின்று பார்க்கும்போது ஒருநாளும் தெரியாத ஒன்று மேலேயிருந்து தெரிந்தது. கல் உடைத்த பள்ளத்தைச் சுற்றி புல் இல்லை. வெட்டியெடுத்த மாதிரி இல்லை, மேய்ந்த மாதிரியும் இல்லை. யாரோ கோடு கிழித்து அதற்கு உள்ளே எதுவும் முளைக்கக் கூடாது என்று சொன்ன மாதிரி இருந்தது. கோட்டுக்கு வெளியே பச்சை, உள்ளே சாம்பல். அந்தக் கோடு பள்ளத்திலிருந்து புறப்பட்டு, ஒரு நாக்கு மாதிரி நீண்டு, மோட்டார் அறையைத் தாண்டி வந்திருந்தது. ஆழ்துளைக் கிணறு அதன் நடுவில் இருந்தது.

அந்தப் பள்ளத்துக்குள் என்ன போனது என்று பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

முந்தின வருஷம் இரண்டு ஆடுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்து செத்தன. பள்ளத்தை மூட வேண்டும் என்று ஊரே சத்தம் போட்டது. அப்போது ஊராட்சித் தலைவரம்மா, ஒரு கம்பெனி நல்ல மண் கொண்டுவந்து இலவசமாகவே நிரப்பித் தரப்போகிறது என்று அறிவித்தார். பள்ளத்துக்குப் போகும் வழி மோட்டார் அறைக் காம்பவுண்டு வழியாகத்தான். கதவைத் திறந்துவிடுவதும், ஒவ்வொரு லாரிக்கும் நோட்டில் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலையாயிற்று. பட்டப்பகலில்தான் வந்தார்கள். தார்ப்பாய் இறுக்கிக் கட்டிய லாரிகள். ஒரு நாள் தார்ப்பாய் விலகி உள்ளே வரிசையாக நீல டிரம்கள் தெரிந்தன. என்ன அது என்று கேட்டாள். காலி டிரம், மண் சரியாமல் இருக்க அண்டை கொடுக்கிறோம் என்றான் டிரைவர். காலி டிரம்மை ஏற்றிவந்த லாரி ஏன் இப்படி முக்கிக்கொண்டு மேடு ஏறுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைக் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம், வெயில் வேறு. 'மண், ஒரு லோடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்படி முப்பத்தேழு முறை.

தொட்டியிலிருந்து இறங்கிய அன்றைக்கே தலைவரம்மாவைப் போய்ப் பார்த்தாள். தலைவரம்மா கெட்டவர் என்று சொல்ல முடியாது. தெரு விளக்கு எரியவில்லை என்றால் தானே வந்து கம்பத்தடியில் நிற்கிறவர். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. மேஜையில் ஒரு காகிதம் இருந்தது. சிறந்த குடிநீர் தரும் ஊராட்சி என்ற பரிசுக்கு அனுப்ப எழுதி வைத்த விண்ணப்பம்.

"நீ சொல்றது நெசமா இருந்தா என்னாகும்னு யோசிச்சியா?" என்றார் மெதுவாக. "மண்ணுதான்னு அவன் சொன்னான், நான் நம்புனேன். ஆனா கேட்டைத் தொறந்தது நீ. முப்பத்தேழு கையெழுத்தும் உன்னோடது. மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க."

மிரட்டுகிற குரல் இல்லை அது. தானும் பயந்துபோய், பயத்தைப் பங்கு போடப் பார்க்கிற குரல். எழுத்தரை விட்டுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பச் சொல்கிறேன், முடிவு வரும்வரை வாயைத் திறக்காதே என்றார். எழுத்தர் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து அனுப்பியும் வைத்தார். முடிவு வர இருபது நாளாகும் என்று சொன்னார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து, அன்று முதல் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, இரண்டு மைல் நடந்து கால்வாயிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து காய்ச்சினாள். புருஷன் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான். என்ன வேண்டுதலா என்று கேட்டான். அவள் காரணம் சொல்லாமல் குடத்தை மூடி வைத்தாள். பின்பு காலையில் எழுந்துபோய் வழக்கம்போல மோட்டாரைப் போட்டாள், வழக்கம்போல நாலு வால்வையும் திருப்பினாள். தெருவில் பெண்கள் குடத்தில் வாய் வைத்துக் குடிப்பதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. அந்த ஒன்பது நாளைப் பற்றிப் பிற்காலத்தில் யார் கேட்டாலும் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாடு கொண்டுபோனபோது, கடையில் புருஷன் தனியாக உட்கார்ந்திருந்தான். எப்போதும் ரேடியோ பாடும், அன்று அணைத்து வைத்திருந்தான். வாடிக்கையாளர்களுக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, அதன் மேல் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வந்து பாரு" என்றான். "இது ஸ்கூல் வாத்தியார் தலை. ஓரமாத்தான் வெட்டச் சொன்னாரு. ஓரமாத்தான் வெட்டினேன்."

அவள் பார்த்தாள். துணியில் ஒரு முழுத் தலைக்கு உண்டான முடி இருந்தது. வெட்டின துண்டுகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நீளநீளமாக, வேரோடு.

"நான் வெட்டினதவிட அதிகமா விழுந்திருக்கு" என்றான். "சீப்ப வச்சா சீப்போட வருது. அவருக்கு வலிக்கக்கூட இல்ல. கண்ணாடியப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறாரு. இந்த வாரத்துல இவரு அஞ்சாவது ஆளு. வெளிய சொன்னா கடைப் பேரு கெட்டுரும்னு சும்மா இருந்தேன்."

சொல்லிவிட்டு அனிச்சையாகக் கூஜாவை எடுத்து ஒரு டம்ளர் ஊற்றினான். அவள் அதை அவன் கையிலிருந்து பிடுங்கி வாசலில் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் மண்ணில் விழுந்து ஒரு சின்னக் குட்டையாக நின்றது. பக்கத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எறும்புகள் அதன் ஓரம் வந்ததும் நின்றன. பிறகு வளைந்து, ஒரு சாண் தள்ளிப் போயின. புருஷனும் அவளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகுதான் அவள் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கையெழுத்து உட்பட.

மறுநாள் காலை அவள் மோட்டாரைப் போடவில்லை. தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைத் திறந்து சாம்பல் தரையிலேயே வடிய விட்டாள். நாலு வால்வையும் இறுக்கி மூடினாள். பிறகு, குப்பை வண்டியில் அறிவிப்புச் செய்ய வைத்திருக்கும் மைக்கை எடுத்துக்கொண்டு முதல் தெரு முனையில் போய் நின்றாள். வண்டி ஓட்டுகிறவர் கேட்டதற்கு, ஊராட்சி அறிவிப்பு என்று மட்டும் சொன்னாள்.

பேசத் தெரியாதவள். நாலே வாக்கியம்தான் சொன்னாள். தண்ணியில விஷம் இருக்கு. பள்ளத்துல புதைச்சதுலேருந்து வருது. புதைக்கக் கேட்டைத் தொறந்துவிட்டது நான்தான். யாரும் குடிக்காதீங்க.

ஊர் நம்பவில்லை. காலிக் குடங்களோடு அவளைச் சுற்றி நின்றார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வருவது பிடிக்காமல் நாடகமாடுகிறாள் என்று ஒருத்தர் சொன்னார். சாவியைப் பிடுங்கி நாமே மோட்டாரைப் போடுவோம் என்று ஒரு குரல் வந்தது. அவளைப் பயமுறுத்தியது அவர்களுடைய கோபம் இல்லை. அத்தனை முகங்களும் ஒரே மாதிரி இருந்தன. உதடுகளை நக்கிக்கொண்டே இருந்தார்கள். கண்கள் அவள் முகத்தில் இல்லை, இடுப்புச் சாவியில் இருந்தன.

அப்போது அவள் புருஷன் வந்தான். கூட்டத்தின் நடுவில் அந்த வெள்ளைத் துணியை விரித்தான். பிறகு, பள்ளிக்கூட வாத்தியாரைப் பார்த்து, "சார், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் நெற்றிக்கு மேலே கைவிரல்களை நுழைத்து மெதுவாக இழுத்தான். ஒரு கைப்பிடி முடி வந்தது, புல் பிடுங்குவது மாதிரிகூட இல்லை, மாவில் பதித்ததை எடுப்பது மாதிரி. வாத்தியார் அதைப் பார்த்தார். கூட்டத்தில் ஒவ்வொருவர் கையும் அவரவர் தலைக்குப் போயிற்று. ஆடு வளர்க்கிறவள்தான் முதலில் வாய் திறந்தாள். ஒரு மாதமாகவே என் ஆடுகள் வாளியில் வைத்த தண்ணீரைத் தொடவில்லை, கால்வாய்க்கு ஓடுகின்றன, கொழுப்பு என்று நினைத்து அடித்தேன் என்றாள்.

அன்று பகலிலேயே ஊர் பள்ளத்துக்குப் போனது. ஒவ்வொருவராகச் சாம்பல் கோட்டைத் தாண்டினார்கள். மண் காலுக்கு அடியில் ஈரப் பஞ்சு மாதிரி அமுங்கியது, நல்ல உச்சி வெயிலிலும் உள்ளிருந்து வேறொரு சூடு வந்தது. மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டியதும் நீலம் தெரிந்தது. டிரம்மின் தகடு காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாம் எப்போதோ இறங்கிப் போயிருந்தது. அந்த வாசனை எழும்பியபோது பின்னால் நின்ற ஒருத்தி, பழம் மாதிரி மணக்கிறது என்று சொல்லி முன்னால் வந்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

சோதனை முடிவு ஒரு வாரம் கழித்து வந்தது. எழுத்தரால் வாசிக்க முடியாத ஒரு நீளமான ரசாயனப் பெயரும், அதற்கு எதிரே இருக்கக் கூடாத ஓர் அளவும் இருந்தன. அதிகாரிகள் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். முப்பத்தேழு லோடையும் தோண்டி எடுக்க நாலு மாதம் ஆயிற்று. கம்பெனி கொடுத்திருந்த விலாசத்தில் பூட்டிய கடை ஒன்றுதான் இருந்தது. தலைவரம்மா பதவியை விட்டு விலகினார். விசாரணையில், தான் எதையும் விசாரிக்காமல் அனுமதித்ததாக அவரே எழுதிக் கொடுத்தார். துப்புரவுக்காரர் பிழைக்கவில்லை. இன்னும் இரண்டு பேரும் அந்த வருஷமே போனார்கள். மற்றவர்களுக்கு முடி மெல்ல வளர்ந்தது. வாத்தியாருக்கு மட்டும் வளரவே இல்லை.

அவளை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக்காரர்கள் கேட்டபோது, பார்த்தேன், சந்தேகப்பட்டேன், கேட்கவில்லை, தெரிந்த பிறகும் ஒன்பது நாள் திறந்துவிட்டேன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஊரில் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு, துப்புரவுக்காரர் மனைவியைப் போல அவள் வருகிற பக்கம் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. இரண்டுமே நியாயம் என்றுதான் அவள் நினைத்தாள். திரும்ப வேலைக்கு எடுத்தபோது, லாரியில் வருகிற தண்ணீரைத் தெருத்தெருவாகப் பங்கிட்டுக் கொடுக்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

அந்தத் தண்ணீர் ஊருக்குப் பிடிக்கவில்லை. சப்பென்று இருக்கிறது என்றார்கள். ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, சிவப்புப் பலகை வைத்தார்கள். ஆனாலும் காலையில் போய்ப் பார்த்தால் சாம்பல் தரையில் புதிய காலடிகள் இருந்தன, கிணற்றின் வாயருகே கயிறு கட்டிய டப்பா கிடந்தது. ஒரு நாள் புருஷன் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாட்டிலைக் கண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வாய்தான்" என்றான். "நாக்கு கேக்குது. தெரியும், எல்லாம் தெரியும். நாக்குக்குத் தெரிய மாட்டேங்குது."

அவள் திட்டவில்லை. ஏனென்றால், விடியற்காலையில் எழும்போதெல்லாம் தன் நாக்கும் அதைத்தான் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். நேரே எழுத்தரிடம் போய், வேலி போதாது, கிணற்றையே மூடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளில் சிமெண்டுக் கலவையை இறக்கி அடைத்தார்கள். அதைப் பார்க்க ஊர் முழுக்க வந்து நின்றது. கலவை உள்ளே போகப் போக, கிணற்றின் வாயிலிருந்து காற்று நீளமாக வெளியே வந்தது, வெகு நேரம் அடக்கி வைத்த மூச்சு மாதிரி. அது நின்ற பிறகும் யாரும் உடனே கலையவில்லை.

அதன் பிறகு ஒரு வருஷம் ஆகியிருக்கும். கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து, முன்பின் பார்த்திராத ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள். டேங்கக்கா லாரிக் குழாயில் தெருவுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த ஊர்ல இனிப்புத் தண்ணி கிடைக்குமாமே, எங்க?"

இப்போது இல்லை, அது கெட்ட தண்ணீர், மூடியாகிவிட்டது என்று டேங்கக்கா சொன்னாள். என்ன நடந்தது என்றும் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் கண் பேச்சில் இல்லை. மோட்டார் அறை இருந்த திசையில் இருந்தது. லாரித் தண்ணீர் ஒரு குடம் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பாமல், பள்ளத்துப் பக்கம் போகிற பாதையில் நடந்தாள்.

டேங்கக்கா குழாயைப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தடுக்க அவள் பின்னாலேயே போனாள்.